பானைக்குள் மூன்று வாரம்

ராஜபாளையம் என்றால் நாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கையில் கிளி. (பால்கோவாவை விட்டுவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். அது வளர்க்கிற சமாசாரம் இல்லை, தின்கிற சமாசாரம்!) இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பிராணி வளர்ப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வத்திராயிருப்பு தாண்டி மலை அடிவாரத்துக்குப் போனால் பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். கீழே தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நெல்வயலும். இங்கே போய் ஒரு தோப்புக்காரரிடம், ''நீங்க பாம்பு வளர்க்கிறீங்களா?'' என்று கேட்டுப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார். ''அதுபாட்டுக்கு அதுவா வளருது. நாம வேற எதுக்கு வளர்க்கணும்?'' என்பார்.

ஆனால், காலம் மாறிவிட்டது. அதே வட்டாரத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்திருக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்... ''சார், ஒரு பால் பைத்தான் வாங்கலாம்னு இருக்கேன். முதல் தடவையா பாம்பு வளர்க்கிறவங்களுக்கு அதுதான் ஈஸியாம். நீங்க என்ன சொல்றீங்க?''

பால் பைத்தான் என்றதும் பால் குடிக்கிற பாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். கானா, டோகோ, பெனின் பக்கத்து ஆப்பிரிக்க ஆசாமி. விஷம் கிடையாது. நாலைந்து அடிக்கு மேல் பெரும்பாலும் வளராது. உலகம் முழுக்க வீடுகளில் வளர்க்கப்படும் பாம்புகளில் இதற்குத்தான் முதல் மரியாதை.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு என்று நடுவே கோடு போட்டுவிடுவான். பாம்பு வளர்ப்புக்கும் அப்படி ஒரு பேரேடு போட்டுப் பார்த்தால் என்ன? போட்டேன். ஆரம்பப் பக்கம் சுலபமாக இருந்தது. கணக்கை முடிக்கிற பக்கம்தான் இடித்தது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், தமிழ்நாட்டில் பாம்பு வளர்த்த ஒரு வெள்ளைக்காரப் பையனின் கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ராமுலஸ் விட்டேகர். 1943-ல் அமெரிக்காவில் பிறந்தவர். நாலு வயசிலேயே பாம்பைக் கையில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நம்மூர் அம்மாவாக இருந்தால் ஊரே கூடியிருக்கும். அவருடைய அம்மா டோரிஸ் கத்தவில்லை, அடிக்கவில்லை. பையனுடைய ஆர்வத்தை வளரவிட்டார். பிற்பாடு டோரிஸ் மறுமணம் செய்துகொண்டது, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் மகன் ராமாவை. ஆமாம், கைத்தறிக்கும் கைவினைக் கலைகளுக்கும் மறுவாழ்வு கொடுத்த அதே கமலாதேவிதான். அந்த உறவில் 1951-ல் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. பையனைக் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள்.

விடுதியில் மற்ற பையன்கள் கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டி வைத்திருப்பார்கள். விட்டேகர் என்ன வைத்திருந்தார் தெரியுமா? ஒரு மலைப்பாம்பு!

இன்றைக்கு அப்படி வைத்திருந்தால் வனத்துறை வந்து நிற்கும். ஆனால், அது 1950-கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது.

கட்டிலுக்கு அடியில் பாம்பு வைத்திருந்த பையன் பிறகு என்ன ஆனார்? அமெரிக்கா போனார். மயாமியில் பில் ஹாஸ்ட் என்பவர் நடத்திய பாம்புப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். ஹாஸ்ட் சாதாரண ஆள் இல்லை. வாழ்நாளில் 170 தடவைக்கு மேல் விஷப்பாம்புகளிடம் கடி வாங்கியும், 100 வயது வாழ்ந்து 2011-ல் மறைந்தவர். அந்தக் குருவிடம் தொழில் பழகி, கட்டாய ராணுவ சேவையும் முடித்து, 1967-ல் விட்டேகர் இந்தியா திரும்பினார். 1969-ல் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் பாம்புப் பண்ணை ஆரம்பித்தார். 1972-ல் அது கிண்டிக்கு வந்தது. கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போகாத தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடச் சுற்றுலா உண்டா என்ன?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாம்பை வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆசையில் தொடங்கியவர், கடைசியில் அதைப் பத்துப் பேர் வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடத்துக்கு நகர்த்திவிட்டார். அவருக்கு அதை நகர்த்த ஓர் இடம் இருந்தது. நம் மாணவருக்கு?

சரி, பேரேட்டுக்கு வருவோம். முதலில் பராமரிப்புச் செலவு.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. நமக்குக் குளிரெடுத்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்கிறோம். அதற்கு அந்த வசதி இல்லை. வெயில் வேண்டுமானால் வெயிலுக்கு நகரும், நிழல் வேண்டுமானால் நிழலுக்கு நகரும். ஆகவே, அதன் பெட்டியில் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் சூடு, மறுபக்கம் 26 டிகிரி வாக்கில் குளிர்ச்சி... இரண்டும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள மறைவிடம் வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும். இல்லாவிட்டால் சூடேற்றும் விரிப்பு பாம்பின் வயிற்றைப் பொசுக்கிவிடும். கரன்ட் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

காற்றில் ஈரம் குறைந்தால் சட்டை உரிப்பது கெட்டுப்போகும். ஒரே உறையாகக் கழல வேண்டியது துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கண்மேல் இருக்கும் சவ்வு கழலாமல் நின்றுவிட்டால் வைத்தியம் பார்க்க வேண்டும். நம்மூரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் டாக்டர் உண்டு, நாய்க்கு உண்டு. பாம்புக்கு மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டரை எந்தத் தெருவில் தேடுவீர்கள்?

சாப்பாடு? பால் அல்ல. பாம்புக்குப் பால் வார்ப்பது பற்றிப் பழமொழிதான் உண்டே தவிர, அதன் வயிற்றில் பாலைச் செரிக்கும் ஏற்பாடு இல்லை. நாள் கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த பாம்பு, தாகத்தில் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். பாம்பாட்டிகள் பால் குடிக்க வைத்த ரகசியம் அவ்வளவுதான். வீட்டுப் பாம்புக்கு வேண்டியது எலி. குட்டியாக இருந்தால் வாரம் ஒன்று, வளர்ந்துவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒன்று. செத்த எலியை உறையவைத்து, பிறகு குளிர் போக்கிக் கொடுக்க வேண்டும். அதாவது, அம்மா தோசை மாவு வைக்கிற அதே ஃபிரிட்ஜில்! சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடக்கூடாது. தொட்டால் கக்கிவிடும். சில சமயம் மாதக்கணக்கில் உண்ணாவிரதம் இருக்கும். புதிதாக வளர்ப்பவர் பயந்துபோய்த் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். தொடத்தொட அது இன்னும் பட்டினி கிடக்கும்.

இதெல்லாம் சமாளிக்க முடியாத விஷயங்கள் இல்லை. ஒழுங்காகப் படித்து, ஒழுங்காகச் செய்கிறவர்கள் உலகில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பேரேட்டில் இடிக்கிற இடம் வேறு.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961-ல் ஒருவர், தான் வளர்த்த பால் பைத்தானைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்போது கென்னடி அமெரிக்க ஜனாதிபதி. இங்கே காமராஜர் முதல்வர். 2020 ஜூலையில் அதே பாம்பு முட்டையிட்டுச் செய்தியில் வந்தது. 7 முட்டைகள்! வயது 60-ஐத் தாண்டிவிட்டது. பக்கத்தில் ஆண் பாம்பு இருந்து குறைந்தது 15 வருஷம் ஆகியிருந்தது என்பது இன்னொரு ஆச்சரியம். இது விதிவிலக்குத்தான். ஆனால், வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25, 30 வருஷம் சாதாரணம்.

மூன்றாம் வருஷக் கல்லூரி மாணவர் ஒருவர் 20 வயதில் பாம்பு வாங்குகிறார் என்று வையுங்கள். வேலை கிடைக்கிறது, பெங்களூர் போகிறார், கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, குழந்தை பள்ளிக்கூடம் போகிறது... பாம்பு பெட்டிக்குள் இருக்கிறது. அதற்கு 25 வயதாகும்போது இவருக்கு 45. வீட்டுக்கடன்கூட 20 வருஷத்தில் முடிந்துவிடும் சார்!

நடுவில் முடியாமல் போனால்? இந்தக் கேள்விக்கு ஒரு மாநிலமே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா.

அங்கே ஒரு காலத்தில் பர்மா மலைப்பாம்பு வளர்ப்பது மோகமாக இருந்தது. 1996-க்கும் 2006-க்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 1 லட்சம் பாம்புகள் அமெரிக்காவில் இறக்குமதியாகின. வாங்கும்போது கையளவு இருக்கிற குட்டி, இரண்டு மூன்று வருஷத்தில் 10 அடியைத் தாண்டிவிடும். பெட்டி போதாது, எலி போதாது, முயல் வேண்டும். மனசு கேட்காமல், கொல்லவும் முடியாமல், பலர் ஓர் இரவில் காரை எடுத்துக்கொண்டு போய் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயல் அடித்தபோது பாம்பு வளர்ப்புக் கூடம் ஒன்று நொறுங்கி அங்கிருந்தும் தப்பின. பாம்புக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பிடிக்காமல் போனது மற்ற உயிர்களுக்கு.

2012-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மலைப்பாம்பு நீண்டகாலமாகக் குடியேறியிருந்த பகுதிகளில் ரக்கூன் எனப்படும் விலங்கு கண்ணில் படுவது 99 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. பாப்கேட் என்கிற காட்டுப்பூனை 87 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அதே வருஷம் அமெரிக்கா அந்தப் பாம்பின் இறக்குமதிக்குத் தடை போட்டது. குதிரை ஓடின பிறகு லாயத்தைப் பூட்டிய கதை. பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். 2016-ல் நடந்த போட்டியில் ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்தது 106 பாம்பு. பத்துப் பேருக்கு ஒன்று வீதம்!

இந்த இடத்தில்தான் கதை திரும்பத் தமிழ்நாட்டுக்கு வருகிறது.

2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இருவர் ஃப்ளோரிடா போய் இறங்கினார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். இருளர் இனத்தைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலம் தெரியாது. அந்தச் சதுப்புக் காட்டை முன்பின் பார்த்ததில்லை. அந்தப் பாம்பும் நம் காட்டு மலைப்பாம்பு அல்ல, அதன் சொந்தக்காரப் பாம்பு. மொழிபெயர்க்க ஆட்களோடு புதருக்குள் இறங்கினார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு! பழைய ஏவுகணைத் தளம் ஒன்றில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் அடக்கம். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பாம்பின் தடம் இருளர் அறிவார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. (2018-ல் விட்டேகருக்கும் கிடைத்திருந்தது.)

அமெரிக்கர்கள் வளர்க்க ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் விட்ட பாம்பை, முடிக்கத் தெரிந்தவர்கள் போய்ப் பிடித்தார்கள். இருளர்களுக்கு மட்டும் அந்த வித்தை எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதுவும் அவ்வளவு அழகான வரலாறு அல்ல.

1970-கள் வரை இருளர்கள் பாம்பு பிடித்தது தோலுக்காக. கைப்பையாகவும் செருப்பாகவும் வெளிநாட்டுக்குப் போன தோல். பிடித்தவருக்குக் கிடைத்ததோ சில்லறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்புக்கு நல்லதுதான். ஆனால், தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு தொழில் மட்டும் தெரிந்த குடும்பங்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தொழிலை இழந்தன.

விட்டேகரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோலுக்குப் பதில் விஷம். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்திலேயே இடம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலே நாலு வகை. எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும்.

அங்கே பாம்பை எதில் வைக்கிறார்கள் தெரியுமா? கண்ணாடிப் பெட்டியில் இல்லை. மண் பானையில்! வாயில் துணி போட்டுக் கட்டிவிடுவார்கள். உள்ளே இருட்டு, காற்றுப்போக்கு, மண் தருகிற குளிர்ச்சி. புற்றுக்குள் இருப்பது போலப் பாம்பு அமைதியாகச் சுருண்டுகொள்ளும். வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கும் மறைவிடத்துக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான்.

அந்தப் பானைக்குள் பாம்பு இருப்பது மூன்று நாலு வாரம். வாரம் ஒருமுறை விஷம் எடுப்பார்கள். மொத்தம் நாலு தடவை. பிறகு, வயிற்றுப் பக்கச் செதில் ஒன்றை லேசாகக் கத்தரித்து அடையாளம் வைத்து, காட்டில் விட்டுவிடுவார்கள். மறுபடி கையில் சிக்கினால், ''நீ போன தடவை வந்தவனாச்சே'' என்று தெரிந்துவிடும்.

என் பேரேட்டில் இல்லாமல் போன பக்கம் இதுதான். பாம்பைப் பானையில் வைக்கிற அன்றே அதை விடுகிற நாளும் முடிவாகிவிடுகிறது!

அந்த விஷம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து, விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது 2020-ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். வயலில், வரப்பில், தரையில் பாய் விரித்துப் படுத்த இடத்தில். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு குடும்பத்துக்கு அந்தக் குப்பி மருந்துதான் எல்லாம். அந்தக் குப்பியின் கதை, யாரோ ஓர் இருளர் துணி கட்டிய பானையிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

இனி, மாணவருக்குச் சட்டம். நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்க்க யாருக்கும் அனுமதி இல்லை. விஷம் இல்லாத சாரையாக இருந்தாலும் சரி, வெறும் தண்ணீர்ப்பாம்பாக இருந்தாலும் சரி. மலைப்பாம்பு போலச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது என்றால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாமல் அபராதம். மண்ணுளிப் பாம்பை 'இரட்டைத் தலைப் பாம்பு, வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம்' என்று லட்சங்களில் பேரம் பேசும் கும்பல்கள் அவ்வப்போது பிடிபடுகின்றன. அதற்கு இருப்பது ஒரு தலைதான். இன்னொரு பக்கம் வால். அதிர்ஷ்டம் விற்கிறவனுக்கு மட்டும்தான்!

வெளிநாட்டுப் பாம்பு? அதற்கும் 2022-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 2024-ல் விதிமுறையும் வந்துவிட்டது. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினம் வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டால், செத்தால், கைமாற்றினால் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். பால் பைத்தானும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முறையான இறக்குமதி அனுமதி இல்லாமல், சென்னை விமான நிலையத்தில் சூட்கேசுக்குள் துணிப்பையில் சுருட்டி வருகிற குட்டிகளைச் சுங்கத் துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அப்படித் தப்பி வந்த குட்டிக்கு ஏது பதிவு? 'ஒரிஜினல் பேப்பர் அப்புறம் தர்றேன் பாஸ்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவது உத்தமம்.

ஆக, அந்த மாணவருக்கு நான் சொன்னது இதுதான். ''தம்பி, பெட்டி, சூடு, எலி எல்லாத்தையும் நீங்க சமாளிச்சிடுவீங்க. 2050-ல் அது எங்கே இருக்கும்? அதை முதல்ல எழுதுங்க. அந்த வரியை எழுத முடிஞ்சா மத்ததைப் பேசலாம்.'' அவர் பேசாமல் இருந்தார். பாம்பின் மேல் ஆசைப்படுவது தப்பே இல்லை. அந்த ஆசை இல்லாவிட்டால் கிண்டியில் பண்ணையும் இல்லை, வடநெம்மேலியில் பானையும் இல்லை. ஆசையை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

அவருடைய ஊரிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அந்த மலையில் 1988-ல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் வந்தது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக, தமிழ்நாட்டின் 5-வது புலிகள் காப்பகமாக வளர்ந்தது. அடிவாரத்தில் எலி தென்னங்குரும்பையைக் கடிக்கிறது, நெல்லை வளைக்குள் இழுக்கிறது. அந்த எலியைத் தேடி வளைக்குள்ளேயே நுழைவது சாரைப்பாம்பு. சம்பளம் கிடையாது, சூட்டு விளக்கு கிடையாது, ஃபிரிட்ஜ் கிடையாது. சாரைக்கு விஷமும் கிடையாது. இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழுந்து ஆடுவதைப் பார்த்து, நல்ல பாம்பும் சாரையும் இணை சேர்கின்றன என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்க்கும் மல்யுத்தம். அதை ஐம்பது அடி தள்ளி நின்று பார்த்து, தேதி போட்டு எழுதி வைக்கிற பையன், பெட்டிக்குள் ஒன்றை அடைத்து வைத்திருப்பவனைவிட அதிகம் தெரிந்துகொள்வான்.

அடுத்த முறை தோப்பில் ஒரு சாரை குறுக்கே போகும்போது, கம்பைத் தேடுகிறவர் கையைப் பிடித்து, ''விடுங்க மாமா, அது நம்ம எலிக்காரன்'' என்று சொல்ல வேண்டும். முதல் பாம்பை வளர்க்க ஆசைப்படுகிறவர் கற்க வேண்டிய முதல் பராமரிப்பு அதுதான். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.